அமைதியாகிவிட்ட குழந்தை: பிரிவச்சமும் ஆயர் பணியும்

பள்ளி விடுதியில் புதிதாய்ச் சேர்க்கப்பட்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். முதல் வாரம் முழுவதும் அவன் அழுகிறான், உண்ண மறுக்கிறான், வாயிற்கதவையே நோக்கி நிற்கிறான். இரண்டாம் வாரத்தில் அழுகை குறைகிறது. மூன்றாம் வாரத்தில் அவன் எவரையும் தொல்லைப்படுத்துவதில்லை. "பையன் பழகிவிட்டான்" என்று விடுதிக் காப்பாளர் பெற்றோருக்குத் தெரிவிக்கிறார். ஆயரும் அதைக் கேட்டு மகிழ்கிறார். இவ்வாறு பழகிவிட்டதாகச் சொல்லப்பட்ட பிள்ளைகளை நாம் அனைவரும் அறிவோம். நம்மில் சிலர் அத்தகைய பிள்ளைகளாகவே இருந்தோம். அவன் உண்மையிலேயே பழகிவிட்டானா என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

அன்புக்குரியவரைப் பிரிய நேரும்போது, அல்லது பிரிய நேருமோ என்று எண்ணும்போது, உள்ளத்திலும் உடலிலும் எழும் கலக்கத்தைப் பிரிவச்சம் என்கிறோம். இது குழந்தைகளுக்கு மட்டுமே உரியதன்று. பெரியோரையும் இது வருத்துகிறது என்பதை மருத்துவ உலகம் அண்மைக் காலத்திலேயே தெளிவாக ஏற்றுக்கொண்டது.

1. அச்சம் இயல்பாவது எப்போது?

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை பெரும்பாலும் யார் தூக்கினாலும் மகிழ்கிறது. ஆறு முதல் எட்டு மாதங்களில் நிலை மாறுகிறது. தாய் கண்ணுக்கு மறைந்தாலும் அவள் எங்கோ இருக்கிறாள் என்பதை அறியும் ஆற்றல் அப்போது வளர்கிறது; ஆனால் அவள் திரும்பி வருவாள் என்னும் உறுதியோ, காலத்தை அளக்கும் அறிவோ இன்னும் வரவில்லை. ஆகவே குழந்தை அழுகிறது. பத்து முதல் பதினெட்டு மாதங்களில் இவ்வச்சம் உச்சநிலையை அடைந்து, மூன்று வயதளவில் பெரிதும் தணிகிறது. எனவே இது வளர்ச்சியின் அறிகுறியே. இக்காலத்தில் அழும் குழந்தையைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட குழந்தை என்று கருதுவது தவறு.

குழந்தை தாயை நாடுவது உணவுக்காகவே என்று முன்னாளில் அறிஞர் பலர் எண்ணினர். அமெரிக்க உளவியலார் ஹாரி ஹார்லோ 1958-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை அசைத்தது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளுக்கு அவர் இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று கம்பியால் ஆனது. மற்றொன்று மெல்லிய துணி போர்த்தது. பால் கம்பித் தாயிடமே கிடைத்தபோதும், குட்டிகள் பால் குடித்தவுடன் துணித் தாயிடம் ஓடி அதைப் பற்றிக்கொண்டன. ஆங்கிலேய உளமருத்துவர் ஜான் பௌல்பி (1907-1990) இத்தகைய சான்றுகளைத் திரட்டி, பிணைப்பு என்னும் கோட்பாட்டை உருவாக்கினார். இளம் உயிர் தன்னைக் காப்பவரின் அண்மையை நாடுவது பசியைப் போன்றே அடிப்படையான தேவை. ஆபத்து நிறைந்த உலகில் அதுவே அதன் அரண் என்பது அவர் கருத்து. அந்த அரண் அசையும்போது எழும் எச்சரிக்கை ஒலியே பிரிவச்சம்.

2. இங்கிலாந்து கற்ற பாடம்

இவ்வறிவு போர்க்காலத்தின் துயரத்திலிருந்து பிறந்தது. 1939 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இங்கிலாந்தின் நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும் பகுதியினர் பெற்றோரைப் பிரிந்து சென்ற பள்ளிப் பிள்ளைகள். அதே ஆண்டு டிசம்பரில் பௌல்பியும், எம்மானுவேல் மில்லர், டொனால்டு வினிகாட் என்னும் மருத்துவரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு ஒரு மடல் எழுதினர். இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளைத் தாயின்றி அனுப்புவது அவர்கள் உள்ளத்திற்குப் பெருங்கேடு விளைவிக்கும் என்று அம்மடல் எச்சரித்தது.

போர்க்காலத்தில் இலண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் ஆன்னா பிராய்டும் டாரத்தி பர்லிங்காமும் குழந்தைகள் காப்பகம் நடத்தினர். அங்குப் பணியாற்றிய ஒவ்வொருவரும், அவர் எத்தொழிலைச் செய்தாலும், குழந்தைகளிடம் கண்டதை எழுதி வைக்க வேண்டும் என்பது ஆன்னா பிராய்டு வகுத்த ஒழுங்கு. கட்டிடப் பராமரிப்பு வேலைக்காக அங்கு வந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் இளைஞர் இவ்வாறே குழந்தைகளைக் கூர்ந்து நோக்கக் கற்றார். 1948-இல் பௌல்பி அவரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டு, மருத்துவமனைகளில் உள்ள சிறு குழந்தைகளைக் கவனிக்கும்படி அனுப்பினார்.

அக்கால மருத்துவமனைகளில் பெற்றோரின் வருகை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. "பெற்றோர் வந்து போனால் பிள்ளைகள் அழுகின்றனர், வராவிட்டால் அமைதியாய் இருக்கின்றனர்" என்பதே செவிலியர் கூறிய காரணம். அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். அமைதியை நலம் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினர்.

ராபர்ட்சன் கண்டது வேறு. பிரிக்கப்பட்ட குழந்தை மூன்று நிலைகளைக் கடக்கிறது என்று அவர் விளக்கினார். முதலாவது எதிர்ப்பு: குழந்தை உரக்க அழுது தாயைத் தேடுகிறது. இரண்டாவது நம்பிக்கையிழப்பு: அழுகை ஓய்ந்து, முகம் வாடி, தனக்குள் ஒடுங்குகிறது. மூன்றாவது பற்றறுதல்: உணவை ஏற்கிறது; செவிலியரைப் பார்த்துச் சிரிக்கிறது; ஆனால் தாய் வரும்போது அவளை அறியாதது போல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மருத்துவமனை எந்த நிலையைக் குணமடைதல் என்று கருதியதோ, அதுவே துயரத்தின் ஆழ்ந்த நிலை என்பது அவர் கண்ட உண்மை.

சொல்லால் எவரையும் நம்பவைக்க இயலாமற்போகவே, அவர் கையளவான திரைப்படக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு, சிறு அறுவைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்தார். அவள் கூச்சலிடும் குழந்தையல்லள்; தன்னை அடக்கிக்கொள்ளும் இயல்பினள். ஆயினும் நாட்கள் செல்லச் செல்ல அவள் முகம் மாறுவதைப் படம் காட்டிற்று. வீட்டிற்குப் புறப்படும் நாளில் தன் உடைமைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, தாயின் கையைப் பற்ற மறுத்து நடந்தாள். 1952-இல் இலண்டனில் மருத்துவர் கழகத்தின் முன் இப்படம் காட்டப்பட்டபோது அவையினர் பலர் சினங்கொண்டனர். எனினும் உண்மை மெல்ல வென்றது. 1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் தடையின்றித் தம் பிள்ளைகளைக் காண அனுமதிக்கவேண்டும் என்றும், சிறு குழந்தையோடு தாயும் தங்க வழி செய்யவேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

மேரி எயின்ஸ்வொர்த் என்னும் அறிஞர் இதனை வேறொரு வழியில் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையைத் தாய் சில நிமிடங்கள் பிரிந்து திரும்பும்போது அது எவ்வாறு அவளை வரவேற்கிறது என்பதை அவர் நோக்கினார். சில குழந்தைகள் தாய் போனதையும் வந்ததையும் பொருட்படுத்தாதவை போல் விளையாடிக்கொண்டிருந்தன. பின்வந்த ஆய்வாளர்கள் இத்தகைய குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதி நிலவியபோதும் உள்ளே துடிப்பு விரைந்திருந்தது. ஆகவே குழந்தையின் அமைதியை மட்டும் வைத்து அதன் மனநிலையை முடிவு செய்தல் ஆகாது.

3. பிரிவே கேடு விளைவிக்கிறதா?

இவற்றைக் கேட்கும் தாய்மார் சிலர், பிள்ளையை ஒரு பொழுதும் பிரிதல் ஆகாதோ என்று கலங்கக்கூடும். அவ்வாறன்று. ஜேம்ஸ் ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்ஸும் பின்னர் இதையே ஆராய்ந்தனர். தாய் மகப்பேற்றுக்குச் சென்ற நாட்களில் நான்கு குழந்தைகளை, ஒருவர் பின் ஒருவராகத் தம் வீட்டில் வைத்துப் பேணினர். முன்கூட்டியே அவர்களோடு பழகினர். வீட்டில் உண்ட உணவையும் வழக்கங்களையும் தொடர்ந்தனர். தாயைப் பற்றி அவர்களோடு பேசினர். அக்குழந்தைகளும் வருந்தின, ஆனால் உடைந்துபோகவில்லை. அதே காலத்தில், 1969-இல் வெளியான படம் ஒன்றில், பதினேழு மாதக் குழந்தை ஒன்பது நாட்கள் ஒரு காப்பகத்தில் விடப்பட்டதை அவர்கள் காட்டினர். அங்குள்ள இளம் செவிலியர் அன்புள்ளவர்களே. ஆனால் பணிமுறைப்படி ஆள் மாறிக்கொண்டே இருந்தனர். குழந்தை ஒருவரை நாடும், அவர் போய்விடுவார். இறுதியில் அது எவரையும் நாடவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? குழந்தையைக் காப்பது பிரிவின்மை மட்டுமன்று; பிரிவின்போது தனக்கென நிலைத்து நிற்கும் ஒருவர் இருப்பதும் அதனைக் காக்கிறது. பலர் காட்டும் பொதுவான அன்பு அந்த ஒருவருக்கு ஈடாகாது.

4. அச்சம் கோளாறாக மாறும்போது

வயதுக்குப் பொருந்தாத அளவிலும், நாள்தோறும் வாழ்வைத் தடை செய்யும் வகையிலும் பிரிவச்சம் நீடிக்குமானால் அதனைக் கோளாறு என்கிறோம். அன்புக்குரியவருக்குத் தீங்கு நேருமோ என்னும் ஓயாத கவலை, பள்ளிக்குச் செல்ல மறுத்தல், தனித்திருக்க அஞ்சுதல், துணையின்றி உறங்க இயலாமை, பிரிவைப் பற்றிய கெட்ட கனவுகள், பிரியும் வேளையில் வரும் வயிற்றுவலி, தலைவலி, வாந்தி ஆகியன இதன் அறிகுறிகள். குழந்தைகளிடம் குறைந்தது நான்கு வாரங்கள் இவை நீடித்தல் வேண்டும் என்பது அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் வரையறை. திங்கட்கிழமை காலையில் வந்து, பள்ளி இல்லை என்றவுடன் மறையும் வயிற்றுவலியைப் பொய் என்று சொல்லிவிடலாகாது. வலி உண்மை, அதன் வேர் மட்டுமே வேறிடத்தில் உள்ளது.

ஓர் எச்சரிக்கை இங்குத் தேவை. வீட்டை விட்டு வெளியே செல்ல மறுக்கும் குழந்தைக்கு வெளியே உண்மையான ஆபத்து இருக்கக்கூடும். ஆசிரியரின் அடி, உடன் பயில்வோரின் கொடுமை, பாலியல் வன்முறை ஆகியவற்றைத் தனியே, பொறுமையோடு கேட்டறியாமல், இது பிரிவச்சமே என்று முடிவு செய்தல் பெரும் பிழையாகும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் நம் நாட்டில் விதித்துள்ள கடமை. ஆயர்களும் விடுதிக் காப்பாளர்களும் இதற்கு விலக்கல்லர். திருச்சபையின் நற்பெயரைக் காக்கும் எண்ணம் இக்கடமையை மறைக்கலாகாது.

5. பெரியோரின் பிரிவச்சம்

1980-இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேடு பிரிவச்சக் கோளாற்றைக் குழந்தைப் பருவத்திற்கு உரியதாகவே வகைப்படுத்தியது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பே இந்த வயது வரம்பை நீக்கியது. பெரியோரிடம் அறிகுறிகள் பொதுவாக ஆறு மாதங்கள் நீடித்தல் வேண்டும் என்று அது கூறுகிறது. 18 நாடுகளில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வொன்று, வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இக்கோளாற்றுக்கு உட்பட்டோர் சராசரி 4.8 விழுக்காடு என்றும், அவர்களில் 43 விழுக்காட்டினருக்குப் பதினெட்டு வயதிற்குப் பின்னரே இது தொடங்கியது என்றும் கண்டது. குழந்தைப் பருவத்தில் பிரிவச்சம் இல்லாதவரையும் இது பின்னர்ப் பற்றக்கூடும் என்பது தெளிவு.

பெரியோரிடம் இது வேறு உடை தரித்து வருகிறது. மகன் தொலைபேசியை எடுக்கப் பத்து நிமிடம் தாமதித்தால் விபத்து நேர்ந்துவிட்டது என்று நடுங்கும் தாய். கணவர் வெளியூர் சென்ற இரவெல்லாம் உறங்காத மனைவி. தாயை விட்டு அகல இயலாமல் வேலை உயர்வை மறுக்கும் மகன். மகளின் திருமணத்தைக் காரணம் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போடும் தந்தை. இவற்றைப் பாசம் என்று சமுதாயம் போற்றுவதால், இதனுள் இருக்கும் நோவு மறைந்து விடுகிறது. யாக்கோபு பென்யமீனைத் தன்னிடமே நிறுத்திக்கொண்ட வரலாற்றை நாம் அறிவோம். யோசேப்பை இழந்த தகப்பனின் அச்சம் காரணமற்றதன்று. ஆனால் அந்த அச்சத்தால் வீடு முழுவதும் பஞ்சத்தில் காத்திருக்க நேர்ந்தது. பழங்காலத்தவர் ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது நம் நோக்கமன்று. ஓர் இழப்பு அடுத்த பிரிவை எவ்வளவு அச்சத்திற்குரியதாக்கும் என்பதற்கே இதனைச் சுட்டுகிறோம்.

6. குணமாகும் வழி

குழந்தையை வலிந்து பிரித்தல் ஒரு பிழை. அதற்கு எதிரான பிழையும் ஒன்றுண்டு. குழந்தை அஞ்சுகிறது என்பதற்காகத் தாய் பள்ளி வாயிலில் நாள் முழுவதும் அமர்ந்திருத்தல், பத்து வயதிலும் உடன் படுத்தல், எங்கும் தனியே விடாமை ஆகியன அந்நேரத்து அச்சத்தைத் தணிக்கும். ஆனால் அச்சத்தின் வாழ்நாளை நீட்டும். தாய் இன்றியும் தன்னால் இருக்க இயலும் என்பதை அறியும் வாய்ப்பைக் குழந்தை இழந்துவிடுகிறது.

ஆகவே இன்றைய மருத்துவம் படிப்படியான பயிற்சியை முதன்மையாகக் கொள்கிறது. குழந்தையோடு கலந்து, எளிதிலிருந்து கடினத்திற்குச் செல்லும் படிகளை வகுப்பர். முதலில் தாய் அடுத்த அறையில் பத்து நிமிடம். பின்பு அண்டை வீடு வரை. பின்பு பாட்டியின் வீட்டில் ஒரு மாலை. பின்பு ஓர் இரவு. ஒரு படியில் அச்சம் தணியும் வரை அங்கேயே நின்று, பின் அடுத்த படி ஏறவேண்டும். இத்துடன், அச்சம் கூறும் கொடிய எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்க்கவும் குழந்தைக்குக் கற்பிப்பர். பள்ளிக்குச் செல்லாமை நீடிக்க நீடிக்கத் திரும்புதல் கடினமாவதால், அரை நாளேனும் விரைவில் பள்ளியில் இருக்கச் செய்தல் நலம்.

மருந்தும் சில வேளை தேவைப்படும். பிரிவச்சம் உள்ளிட்ட அச்சக் கோளாறுகளால் வருந்திய 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. பயிற்சி மட்டும் பெற்றோரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும், செர்ட்ரலின் என்னும் மருந்து மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினரும், இரண்டும் பெற்றோரில் 81 விழுக்காட்டினரும் நன்கு தேறினர். வெறும் மாத்திரை பெற்றோரில் தேறியவர் 24 விழுக்காடே. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவரின் பொறுப்பு. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று அதை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கில்லை.

பெற்றோருக்கு மட்டும் பயிற்சி அளித்தே குழந்தையின் அச்சத்தைக் குறைக்கலாம் என்று யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலி லெபோவிட்சும் உடன் பணியாற்றியோரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். "உனக்கு அச்சமாய் இருப்பது தெரிகிறது, உன்னால் இதைத் தாங்க முடியும் என்பதும் எங்களுக்குத் தெரியும்" என்னும் இரு கூற்றுகளையும் சேர்த்துச் சொல்லப் பெற்றோர் கற்கின்றனர். அச்சத்தை மறுப்பதுமில்லை, அதற்கு அடிபணிவதுமில்லை. பெரியோருக்கும் இம்முறைகளே தக்கவாறு மாற்றிக் கையாளப்படுகின்றன. ஆயின் அவர்களைப் பற்றிய ஆய்வுகள் குழந்தைகளைப் பற்றியவற்றை விடக் குறைவு.

7. ஆயர் செய்யத்தக்கன

மருத்துவரிடம் செல்லுமுன் குடும்பத்தார் பலர் நம்மிடமே வருகின்றனர். அச்சத்தை அவிசுவாசம் என்றோ, பேயின் செயல் என்றோ கூறி அனுப்பினால், அஞ்சும் உள்ளத்தின் மேல் குற்ற உணர்வையும் ஏற்றுகிறோம். கேட்டறிந்து, வேண்டுமிடத்து உளமருத்துவரிடம் வழிப்படுத்தி, அதன் பின்னரும் உடன் நிற்பதே நம் பணி. 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம் என்பதையும் சபையாருக்கு அறிவிக்கலாம்.

பெற்றோருக்கு நாம் கூறத்தக்க சில எளிய சொற்கள் உண்டு. குழந்தை விளையாடும்போது சொல்லாமல் நழுவிச் செல்லவேண்டாம். அடுத்த முறை அது விளையாடவும் அஞ்சும். விடைபெறுதல் சுருக்கமாகவும் உண்மையாகவும் இருக்கட்டும். "நான்கு மணிக்கு வருவேன்" என்பதை விட "நீ உண்டு உறங்கி எழுந்ததும் வருவேன்" என்பது குழந்தைக்கு விளங்கும். சொன்னபடி வரவேண்டும். "பிள்ளை பிடிப்பவனிடம் கொடுத்துவிடுவேன்", "உன்னை விட்டுவிட்டுப் போய்விடுவேன்" என்னும் மிரட்டல்கள் விளையாட்டல்ல. கைவிட்டுவிடுவதாக மிரட்டப்படுவது பிள்ளைகளின் பிரிவச்சத்திற்குப் பெருங்காரணம் என்று பௌல்பி 1973-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார்.

நம் விடுதிகளைப் பற்றியும் நேர்மையோடு பேசவேண்டும். வறுமையினாலோ, ஊரில் பள்ளி இன்மையாலோ, பணியிட மாற்றத்தாலோ பிள்ளைகளை விடுதிக்கு அனுப்புதல் பலருக்குத் தவிர்க்க இயலாதது. ஆயர் குடும்பங்களே இதற்குச் சான்று. அன்னாள் சாமுவேலை ஒப்புவித்ததைப் பற்றி நாம் அருளுரை பல ஆற்றியிருக்கிறோம். அவள் பால் மறக்கும் வரை காத்திருந்ததையும், ஆண்டுதோறும் அவன் வளர்ச்சிக்கேற்பச் சிறு சட்டை தைத்துச் சென்றதையும் அதே அதிகாரங்கள் குறித்திருக்கின்றன. அவற்றை நாம் எவ்வளவு பேசினோம்?

"முதல் மாதம் பெற்றோர் வரக்கூடாது, வந்தால் பிள்ளை அழுவான்" என்னும் ஒழுங்கு எங்கேனும் இருக்குமானால், அது பழைய மருத்துவமனைகளின் வாதமே என்பதை உணர்வோம். பெற்றோரைக் கண்டு அழும் பிள்ளை கெட்டுப்போகவில்லை. அடக்கி வைத்திருந்ததை அழத்தக்க இடத்தில் அழுகிறான். அவனுக்கு வீட்டுடன் பேச நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய போர்வையை அழுக்கென்று பறிக்காமல் விடலாம். எல்லாருக்கும் பொதுவான காப்பாளர் போதாது. அவன் பெயரையும், அவன் தம்பியின் பெயரையும், அவனுக்கு எது பிடிக்காது என்பதையும் அறிந்த ஒருவர் அவனுக்கென்று குறிக்கப்படட்டும்.

அடுத்த முறை விடுதிக்குச் செல்லும்போது, அழுகிற பிள்ளைகளைத் தேற்றுவதோடு நாம் திரும்பிவிட வேண்டாம். அழுவதை நிறுத்திவிட்ட பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கேட்டு, அவன் அருகே சென்று அமர்வோம்.